பதவி போகும், பத்து வெள்ளி நிற்கும்
(அறவாரிய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிரிக்பீல்ட்ஸில் உள்ள தோரண வாயிலை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இந்திய அரசாங்கம் நட்புக்கு அடையாளமாகத் தந்த பரிசு அது. 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடியும் அன்றைய நம் பிரதமர் நஜிப்பும் அதைத் திறந்து வைத்தார்கள். 2018இல் நஜிப் பதவி இழந்தார். வாயில் நிற்கிறது.

அதே பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலைக்குத் துன் சம்பந்தனின் பெயர். அரசியலில் உறவு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே பாடம்.

1955இல் அவர் ம.இ.கா. தலைவரானார். அவ்வாண்டுத் தேர்தலில் இந்திய வாக்காளர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. வாக்கு பலம் இல்லாத சமூகத்துக்குத் துங்கு அப்துல் ரஹ்மானுடன் அவர் கொண்ட நட்பே பலமாயிற்று. 1970இல் துங்கு விலகினார். கட்சிக்குள் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர் மாணிக்கவாசகத்தின் தரப்பு வலுத்தது. பிரதமர் துன் ரசாக் தலையிட, 1973இல் சம்பந்தன் தலைமையை விட்டு விலகினார்.

ஆனால், அவர் கட்டிய இன்னோர் உறவு அறுபடவில்லை. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது நம் மக்களுக்கு வேலையும் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. அமைச்சராக இருந்தவர், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கிள்ளான் பக்கம் பால்மரம் வெட்டிய என் தந்தையாரும் பத்து வெள்ளி கட்டினார். “பிள்ளைக்குச் சட்டை எடுத்திருக்கலாமே” என்று அம்மா முணுமுணுத்தார். “அவனுக்குத்தான் நிலம் எடுத்திருக்கேன்” என்றார் அப்பா. சம்பந்தன் 1979இல் மறைந்தார். சங்கம் இன்றும் இருக்கிறது.

இதையெல்லாம் அறிந்தும் நான் ஒருமுறை தவறினேன். ஒரு தமிழ்ப்பள்ளி நிலத்துக்காகப் பதவியில் இருந்த ஒரு நண்பரையே நம்பினேன். “எழுத்தில் கேட்டால் அவர் மனம் நோகுமே” என்று தயங்கினேன். அவர் பதவி போயிற்று. வாக்குறுதியும் அதோடு போயிற்று. பிள்ளைகள் இன்னும் பழைய கட்டடத்தில்தான் படிக்கிறார்கள்.

ஆகவே, அன்பர்களே! அதிகாரத்தில் இருப்போரோடு நட்பு கொள்வோம், அதில் தவறில்லை. அந்த நட்பு இருக்கும்போதே அதைப் பட்டாவாக, பத்திரமாக, சங்கமாக மாற்றிக்கொள்வோம்.