சாவி யாரிடம் இருக்கிறது?

(மழைக்கால ஆயத்தம் பற்றித் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். தாய் தகப்பனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் அன்று காலை மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். எச்சரிக்கை மட்டும் உயிரைக் காப்பாற்றாது.

நம் கதைக்கு வருவோம். போன வருஷம் நாங்களும் கமிட்டியில் திட்டம் எழுதினோம். "மழை கூடினால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்" என்று கொப்பியில் இருந்தது. அந்த இரவு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு மணித்தியாலம் நனைந்தபடி நின்றீர்கள். அந்தப் பிழை கமிட்டியின் பிழை; எங்கள் பிழை.

இந்த முறை ஒவ்வொரு ஆபத்துக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுவோம். எந்த அடையாளத்தைக் கண்டால் கிளம்புவது? யார் என்ன செய்வது? அவர் இல்லாவிட்டால் யார்?

முதலில் அடையாளம். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரம், இறுகிப்போகும் கதவு, புதிதாகக் கிளம்பும் ஊற்று, திடீரெனக் கலங்கும் பீலித் தண்ணீர். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே சொல்லுங்கள்.

அடுத்தது மழை அளவு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் கிளம்பத் தயாராக வேண்டும். 150 ஆனால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். ஆனால் வெடிப்பைக் கண்ட பிறகு அளவு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அளப்பதற்கு நம் பிள்ளைகளே போதும். பக்கங்கள் நேரான பிளாஸ்டிக் போத்தலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகுங்கள். அடியில் கல் போட்டு, ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி, வெட்டவெளியில் வையுங்கள். கோட்டுக்கு மேல் ஏறியதை அடிமட்டத்தால் அளந்தால் அதுதான் மழை.

மூன்றாவது, ஆட்கள். பள்ளிக்கூடச் சாவி இனி மூன்று பேரிடம் இருக்கும். நடக்க முடியாத பெரியவர்களையும் கர்ப்பிணித் தாய்மாரையும் கூட்டிப்போக லயத்துக்கு இரண்டு பேர். பிள்ளை மடுவத்துக்குத் தனியாக இரண்டு பேர். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். கடிதம் எல்லாம் ஒரே பொலித்தீன் பைக்குள், கைக்கு எட்டும் இடத்தில். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இனி நம் தாய்மார் வெளியே சொல்லாத ஒரு பயம். "ராத்திரி பள்ளிக்கூடத்தில் கிடந்துவிட்டு, காலையில் பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர் போய்விடுமே." ஒரு நாள் சம்பளத்துக்குப் பயந்து லயத்திலேயே தங்கினால் எந்தத் திட்டமும் பலிக்காது. வெளியேறும் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கிறோம். பதிலையும் எழுத்திலேயே வாங்குவோம்.

பள்ளிக்கூடம் ஓர் இரவுக்குத்தான். பாதுகாப்பான காணியும் சொந்த வீடும்தான் நிரந்தரத் தீர்வு. அந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. ஆனால் வீடு வரும்வரை மழை காத்திருக்காது.

வரும் போயா தினத்தன்று எல்லோரும் ஒரு தடவை நடந்து பார்ப்போம். லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை எத்தனை நிமிடம், எந்தப் படி உடைந்திருக்கிறது, எங்கே வெளிச்சமில்லை என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். வரும்போது உங்கள் லயத்தின் இரண்டு பெயர்களையும் கொண்டுவாருங்கள்.