ஒரு ஊசியும் ஒரு தீர்மானமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



"பல்லுயிர்ப் பாதுகாப்பு"ன்னு எனக்குத் தலைப்புக் கொடுத்தாங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. பெரிய பெரிய வார்த்தை எல்லாம் எனக்கு வராது. எனக்குத் தெரிஞ்சது மாடு. அதனால மாட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2003-ல குழுவில பத்தாயிரம் ரூபா உள்கடன் வாங்கி ஒரு கறவை மாடு பிடிச்சேன். இரண்டாவது ஈத்துல கன்னு போட்ட கையோட மடி வீங்கி, காய்ச்சல் வந்து படுத்துருச்சு. டாக்டர் இருக்கிற ஊர் பதினாலு கிலோமீட்டர். சைக்கிள்ல வர்ற ஒருத்தர் கிட்ட சொன்னோம். வலிக்கு ஒரு ஊசி போட்டார். அன்னைக்குச் சாயந்திரம் எழுந்து நின்னுச்சு. மூணாம் நாள் செத்துப் போச்சு. கடன்ல பாதிகூட அப்ப அடையலை.

நாலு பேர் சேர்ந்து இழுத்துக் கொண்டுபோய் காட்டு ஓரத்துல போட்டோம். அப்ப எங்க மாமியார் வானத்தைப் பார்த்துட்டே சொன்னாங்க: "ஒரு கழுகுகூட வரலையே அம்மிணி. எங்க காலத்துல போட்ட கொஞ்ச நேரத்துல எலும்புதான் மிஞ்சும்." அன்னைக்கு வந்தது நாய்ங்கதான். ஒரு வாரம் நாத்தம். அந்த நாய்ங்க அப்படியே ஊருக்குள்ள வந்து தங்கிடுச்சு. பக்கத்துத் தெருப் பையனை ஒண்ணு கடிச்சு, அவங்க அம்மா கூலி வேலையை விட்டுட்டு ஊசிக்காகத் திரும்பத் திரும்ப பஸ் ஏறினாங்க.

அந்தக் கழுகு எங்கே போச்சுங்கிறது பல வருஷம் கழிச்சு ஒரு பயிற்சியிலதான் எனக்குத் தெரிஞ்சது. அதைப் பாறுன்னு சொல்லணுமாம். நாம பிணந்தின்னிக் கழுகுன்னு சொல்றது. கூட்டமா இறங்கினா ஒரு முழு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள்ள காலி பண்ணிடும். 1980-கள்ல இந்தியாவில இது கோடிக்கணக்குல இருந்துச்சு. 1992-ல இருந்து 2007-க்குள்ள வெண்முதுகுப் பாறு ஆயிரத்துல ஒண்ணுதான் மிஞ்சுச்சு. உலகத்துல எந்தப் பறவையும் இவ்வளவு வேகமா அழிஞ்சது அபூர்வம்னு சொல்றாங்க.

யாரும் சுடலை, யாரும் வலை போடலை. காரணம் டைக்ளோஃபினாக்னு ஒரு வலி மருந்து. மாட்டுக்குப் போடுற ஊசி. ஊசி போட்ட சில நாள்ல மாடு செத்தா, மருந்து கறியில இருக்கும். அதைத் தின்ன பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சாகும். பாகிஸ்தான்ல செத்த பறவைங்களை அறுத்துப் பார்த்து 2004-ல இதைக் கண்டுபிடிச்சாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நூறு செத்த மாட்டுல ஒண்ணுல இந்த மருந்து இருந்தாக்கூடப் போதும், பாறு இனமே அழிஞ்சிடும். ஏன்னா ஒரு மாட்டுல பல பறவை சேர்ந்து தின்னுது. அது வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் வெக்கும். போனதை ஈடுகட்ட முடியாது.

என் மாட்டுக்குப் போட்டது அந்த ஊசிதானான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. மருந்துப் பேரை நான் கேட்கவே இல்லையே! அந்தத் தப்பு என்னோடது.

பாறு போனா நமக்கென்னன்னு கேட்கலாம். ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, 2000-க்கும் 2005-க்கும் நடுவுல இந்தியாவில சுமார் ஐந்து லட்சம் பேர் கூடுதலா செத்ததுக்குப் பாறு அழிஞ்சது காரணம்னு எழுதியிருக்காங்க. அழுகின பிணம், கெட்ட தண்ணி, பெருகின நாய், வெறிநாய்க் கடி. நம்ம தெருவுல நடந்ததுதான், நாடு முழுக்க நடந்திருக்கு.

இது ஒரு பறவையோட கதை. உலகம் முழுக்க இப்ப சுமார் பத்து லட்சம் வகை உயிரினம், செடியும் பிராணியும் சேர்த்து, அழியற ஆபத்துல இருக்குன்னு 2019-ல விஞ்ஞானிகள் அறிக்கை கொடுத்தாங்க. உலக நாடுகளும் சும்மா இருக்கலை. 2010-ல ஜப்பான்ல கூடி, 2020-க்குள்ள முடிக்கணும்னு இருபது இலக்கு வெச்சாங்க. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா, உலக அளவுல ஒரு இலக்குகூட முழுசா நிறைவேறலை. மறுபடியும் 2022 டிசம்பர்ல கனடாவில மான்ட்ரியல்ல கூடி, 2030-க்குள்ள முடிக்க இருபத்தி மூணு இலக்கு வெச்சிருக்காங்க. நிலத்துலயும் கடல்லயும் நூத்துக்கு முப்பது பங்கைக் காப்பாத்தணும்ங்கிறது அதுல ஒண்ணு.

இதைக் கேட்டப்போ எனக்கு நம்ம குழு ஆரம்பிச்ச காலம் ஞாபகம் வந்துச்சு. "எல்லாரும் நல்லா சேமிக்கணும்"னு மட்டும் நாம தீர்மானம் போட்டிருந்தா, இன்னைக்கு ஒரு ரூபா சேர்ந்திருக்குமா? வாரம் இவ்வளவு, இந்தக் கிழமை, யார் வசூல், யார் நோட்டு எழுதறது, யார் தணிக்கைன்னு எழுதி வெச்சோம். அதனாலதான் இந்த மேடை. இலக்குன்னா அதுல யார், எப்ப, எவ்வளவு, யார் பார்க்கிறதுங்கிற நாலும் இருக்கணும்.

பாறு விஷயத்துல அப்படி ஒரு இலக்கு இருந்துச்சு. ஒரு மருந்தை நிறுத்தணும். 2006-ல மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கூடாதுன்னு தடை வந்துச்சு. ஆனா மனுசங்களுக்கு விக்கிற பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. அதைக் கண்டுபிடிச்சு, 2015-ல மனுச ஊசியை 3 மில்லி பாட்டில்ல மட்டும்தான் விக்கணும்னு ஆக்கினாங்க. அதே மாதிரி பாறைக் கொல்ற கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ரெண்டையும் 2023-ல மாட்டுக்குத் தடை பண்ணினாங்க. நிமசுலைடை 2024 கடைசியில. ஓட்டை தெரிய தெரிய அடைச்சுட்டே வர்றாங்க. நம்ம தணிக்கை மாதிரிதான்.

அதனால பலன் இருக்கு. நம்ம மோயாற்றுப் பள்ளத்தாக்குல, நீர்மத்தி மரத்துல இன்னைக்கும் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுது. 2023 டிசம்பர்ல தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணும் ஒரே நேரத்துல எண்ணினப்போ 320 பாறு. அப்ப மூணு மாநிலக் காட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதானுங்க. 

போன வருஷம் நான் இதைக் கூட்டத்துல சொன்னப்போ ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "ஏம்மா, மாடு வலியில கத்துறப்ப உன் கழுகு வந்து தவணை கட்டுமா?" எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. பாதிக் கடனோட மாட்டை இழந்தவ நான். அவங்க கேட்டது நியாயமான கேள்வி.

கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்து அந்த அக்கா முன்னாடியே கேட்டோம். மெலாக்சிகாம்னு ஒரு மருந்து, அதே வலிக்கும் காய்ச்சலுக்கும் கேட்கும், பாறை ஒண்ணும் பண்ணாதுன்னு சோதிச்சுப் பார்த்திருக்காங்கன்னு சொன்னாங்க. மடிநோய்க்கு வலி ஊசி மட்டும் போதாது, நோய்க்குத் தனியா வைத்தியம் பண்ணணும்னும் சொன்னாங்க. அப்பத்தான் என் மாடு ஏன் செத்துச்சுன்னு எனக்கு உறைச்சுது. வலி மறைஞ்சுது, நோய் இருந்துச்சு. மாட்டைக் காப்பாத்துற வழியும் பாறைக் காப்பாத்துற வழியும் ஒண்ணுதான்: டாக்டரைக் கூப்பிடறது, மருந்துப் பேரைக் கேட்கிறது.

அன்னைக்குத் தீர்மான நோட்டுல எழுதினது இதுதான். ஒண்ணு, 1962-க்கு போன் பண்ணாம, டாக்டரைக் கேட்காம மாட்டுக்கு ஊசி இல்லை. ரெண்டு, போட்ட மருந்துப் பேரும் தேதியும் மாட்டுக் கடன் அட்டையிலேயே எழுதணும். மூணு, புலியோ சிறுத்தையோ மாட்டை அடிச்சா, ஆத்திரத்துல அந்த உடல்ல விஷம் வெக்கக் கூடாது. வனத்துறை கிட்ட இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுக்க பிரதிநிதி கூடப் போகணும். நாலு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பக்கத்துக் குழு வந்து அட்டையைச் சரிபார்க்கணும்.

பதினொரு குழுவில ஏழு குழு கையெழுத்துப் போட்டாச்சு. முதல்ல போட்டது, கேள்வி கேட்ட அந்த அக்கா குழு. இன்னும் நாலு குழு பாக்கி. "நாங்க நாலு பேர் போடலைன்னா என்ன"ன்னு நினைக்காதீங்க. நூத்துல ஒண்ணு போதும்னு சொன்னேனே, அதை மறந்துடாதீங்க. இந்த இலக்குல பெரும்பாலானவங்கன்னு சொன்னா பத்தாது, எல்லாரும் வேணும்.

உலகத்தோட இருபத்தி மூணு இலக்கையும் நாம சுமக்க முடியாது. நம்ம தொழுவத்துல இருக்கிற ஒண்ணை நம்மால முடிக்க முடியும். நோட்டு அந்த மேஜை மேலதான் இருக்கு. சாப்பிடப் போறதுக்கு முன்னாடி அந்த நாலு குழு ஊக்குநர்களும் கொஞ்சம் இப்படி வந்துட்டுப் போங்க.