அச்சத்தை அறிதலே அடக்கம்

 

பல்கலைக்கழகத் தேர்வுக்கூடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் படித்த மாணவி ஒருத்தி, முதல் வினாவை மூன்று முறை படிக்கிறாள், பொருள் விளங்கவில்லை. உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அவள் படித்தவை அழிந்துவிடவில்லை. கணக்கின் படிகளையோ விடையின் வரிசையையோ சிறிது நேரம் ஏந்தி நிற்கும் இடம் மனத்தில் மிகச் சிறியது. 'தோற்றால் வீட்டார் முகத்தில் எவ்வாறு விழிப்பது?' என்னும் கவலை அவ்விடத்தை நிரப்பிவிட்டது.

இத்தகைய பிள்ளைக்கு நாம் வழக்கமாகச் சொல்வது, "பயப்படாதே" என்னும் ஒரு சொல்லே. அதைக் கேட்ட பிள்ளை அச்சத்தை விடுவதில்லை; மறைக்கக் கற்றுக்கொள்கிறது. மறைப்பதும் மனத்திற்கு ஒரு சுமையே அன்றோ?

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் ஆகிய இருவரும் 2011ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணக்குத் தேர்வுக்கு முன், மாணவருள் ஒரு சாராரை அமைதியாக அமர்ந்திருக்கச் செய்தனர். மற்றொரு சாராரைத் தேர்வு குறித்துத் தம் மனத்தில் எழும் உணர்வுகளைப் பத்து நிமிடம் எழுதச் செய்தனர். எழுதியவர்களே சிறப்பாக விடையளித்தனர். பள்ளித் தேர்வுகளில் செய்து பார்த்தபோதும், மிகுதியாக அஞ்சும் மாணவர்க்கே இப்பயிற்சி பெரிதும் உதவியது. சொல்லாகித் தாளில் இறங்கிய அச்சம், மனத்தில் இடம்விட்டு விலகியது.

பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் உளவியல் அறிஞர்கள் 1990இல் விளக்கிய உணர்வறிவும் இதுவே. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கண்டறிந்து, வேறுபடுத்தி உணர்ந்து, அவ்வறிவைக் கொண்டு எண்ணத்தையும் செயலையும் நடத்துதல் அது.

திருவள்ளுவர் நடுவு நிலைமையை 12ஆம் அதிகாரமாகவும், அடக்கமுடைமையை அதனையடுத்து 13ஆம் அதிகாரமாகவும் வைத்தார். அவ்வரிசை மாணவர்க்கும் ஒரு வழி காட்டுகிறது. தன் அச்சத்தையும் நடுநின்று எடைபோட வேண்டும். 'இது ஒரு தாளைப் பற்றிய அச்சமா, வாழ்வையே பற்றிய அச்சமா?' என்று வினவ வேண்டும். எடையறிந்த பின் வருவதே அடக்கம். அறியாமல் அழுத்துவது ஒடுக்கம். ஒடுக்கியது ஒருநாள் வெடிக்கும். அடங்கியது துணையாக நிற்கும். சிறிதளவு அச்சந்தானே நூலைத் திறக்கச் செய்கிறது!

பெற்றோர்களே! தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம், "எத்தனை மதிப்பெண் வரும்?" என்பதற்கு முன், "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்; இடையில் அறிவுரை வேண்டா. உறக்கமும் உணவும் பல நாள் குன்றினால் மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். 'டெலி மானஸ்' என்னும் அரசின் இலவச மனநலச் சேவை, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது.

மாணவச் செல்வங்களே! அஞ்சுவது இழுக்கன்று, அதனைத் தனியே சுமப்பதே துன்பம். எழுதுங்கள், நம்பியவரிடம் சொல்லுங்கள், பின்னர் எழுதுகோலை எடுங்கள்.