கையுறை இல்லாத கைகள்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்கு மேடைப் பேச்சு வராது. இருபத்தஞ்சு வருசமா ஆஸ்பத்திரி வார்டு கூட்டுறவ நான். காண்ட்ராக்ட் வேலை.

எய்ட்ஸ் நோயாளி வந்தா கேஸ் ஷீட்ல சிவப்பு மையில எழுதி, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி கட்டில்ல தொங்கவிடுவாங்க. கேட்டா 'உங்க பாதுகாப்புக்குத்தான்' என்பார்கள். பாதுகாப்புன்னா கையுறை தரணும். அது எங்க கைக்கு வராது. நோயாளி செத்துட்டா யாரும் கிட்ட வரமாட்டாங்க. அப்போ மட்டும் எங்க பேர் ஞாபகம் வரும். தொடமாட்டேன் என்று சொல்லும் உரிமைகூட மேல இருக்கிறவனுக்குத்தான்.

2003ல குப்பை அள்ளும்போது ஊசி குத்திடுச்சு. 'சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போ'ன்னாங்க. அதே மாசம் ஒரு பயிற்சி டாக்டருக்குக் குத்தினது. அன்னைக்கு ராத்திரியே அவருக்கு மாத்திரை. 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் சாப்பிடணும் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். நான் டெஸ்ட் எடுத்த விசயத்தை மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லிட்டான். எங்க ஆளுங்களே என் டம்ளரைத் தனியா வச்சாங்க. இதைச் சொல்லாம போனா நான் பொய் பேசினவ. மூணு மாசம் கழிச்சு 'இல்லை'ன்னு ரிப்போர்ட் வந்தது. டம்ளர் அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் தனியாத்தான் இருந்தது.

1986ல இந்தியாவுல முதன்முதலா இந்தக் கிருமியைச் சென்னையில கண்டுபிடிச்சாங்க. டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்தது பெரிய காரியம், மறுக்கல. ஆனா ரத்தம் கொடுத்த பெண்கள் யார்? விபசாரத் தடுப்புச் சட்டத்துல பிடிபட்டு, ஜாமீன் எடுக்க வழியில்லாம அடைபட்டுக் கெடந்தவங்க. பூட்டின வீட்டுக்குள்ள இருக்கிறவகிட்ட 'சம்மதமா'ன்னு கேட்டா அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? 1989ல கோவாவில் டொமினிக் டிசோசா ரத்ததானம் செய்தவர். அதுல கிருமி இருக்குன்னு போலீஸ் பிடிச்சிட்டுப் போய் 64 நாள் அடைச்சு வச்சது. அதுக்கும் ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் இருந்தது.

2017ல தனிச் சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10லிருந்து நடைமுறையில் இருக்கு. சம்மதமில்லாம டெஸ்ட் கூடாது, விசயத்தை வெளியே சொல்லக் கூடாது, வேலையை விட்டு நீக்கக் கூடாது. மருந்து தருவதில் மட்டும் 'இயன்றவரை' என்று ஒரு சொல்லைச் செருகி அரசு தப்பித்துக்கொண்டது. 19ஆம் பிரிவு நமக்கானது. ஆஸ்பத்திரியில கிருமி தொற்ற வாய்ப்புள்ள வேலை செய்யும் எல்லாருக்கும் பாதுகாப்புச் சாதனம், பயிற்சி, ஊசி குத்தினா மாத்திரை தரணும். டாக்டருக்கு மட்டும்னு அதில் இல்லை. எல்லா நோயாளிக்கும் ஒரே கையுறை போட்டா யாருக்கு நோய்னு தெரியவே வேண்டியதில்லை. சிவப்பு மைக்கும் வேலையில்லை.

இருபது பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற ஆஸ்பத்திரியில புகார் அலுவலர் வைக்கணும்னும் சட்டம் சொல்லுது. எங்க ஆஸ்பத்திரியில அது யாருன்னு சூப்பர்வைசரைக் கேட்டேன். 'உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?'ன்னார். வர்ற திங்கக்கிழமை பதினோரு பேர் சேர்ந்து எழுத்துல கேட்கப் போறோம். வக்கீல் தோழர் யாராவது கூட வந்தா நல்லது.