உச்சியைத் தொட்டு இறங்கும் கொடி

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, நாடே கலைந்து போய்விடும். புதுச்சேரிக்காரர்களான நமக்கு மறுநாளும் கொடியேற்றம் உண்டு. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி, நம் ஊர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படி இணைய மட்டும் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நாளைத்தான் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றிக் கொண்டாடுகிறோம்.

2018இல் அதே ஆகஸ்ட் 16. மாலை 5 மணி 5 நிமிடத்துக்கு முன்னாள் பிரதமர் வாஜ்பாய் டெல்லியில் காலமானார். ஏழு நாள் துக்கம் அறிவிக்கப்பட்டது. கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின.

அதே செய்தி ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால்? அன்று கொடி தாழ்ந்திருக்காது. சுதந்திர தினம், குடியரசு தினம், காந்தி ஜெயந்தி, ஏப்ரல் 6 முதல் 13 வரையிலான தேசிய வாரம் ஆகிய நாட்களில் கொடி முழு உயரத்தில்தான் பறக்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பு. மறைந்தவரின் உடல் இருக்கும் கட்டடத்துக்கு மட்டும் விலக்கு. உடலை எடுத்ததும் அங்கும் கொடி மேலே ஏறிவிடும்.

குடியரசுத் தலைவரோ, துணைத் தலைவரோ, பிரதமரோ மறைந்தால் நாடெங்கும் அரைக்கம்பம். நம் துணைநிலை ஆளுநரோ முதலமைச்சரோ மறைந்தால் புதுச்சேரி முழுவதும். விதித்தொகுப்பின் பட்டியலில் இல்லாத தலைவர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் தனி உத்தரவு வர வேண்டும். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக் கொடியானாலும் சரி, யாரும் தாமாக இறக்கிவிட முடியாது.

இறக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பலர் கொடியைப் பாதி உயரத்துக்கு இழுத்ததும் கயிற்றை முடிந்துவிடுகிறார்கள். அது தவறு. கொடி முதலில் உச்சிவரை போக வேண்டும். அங்கே ஒரு கணம் நின்று, பிறகு பாதிக்கு வர வேண்டும். மாலையில் அவிழ்க்கும் முன்னும் மறுபடி உச்சியைத் தொட வேண்டும்.

அரைக்கம்பம் என்பது பாதியில் நின்றுபோன கொடி அல்ல. உச்சிக்குப் போய்த் தலை தாழ்த்திய கொடி. அடுத்தமுறை துக்க நாளில் கொடிமரத்தைக் கடந்தால் சற்று நின்று பாருங்கள், கயிறு முதலில் எதுவரை போகிறது என்று.