இடம் பார்த்துச் சுருங்கும் படம்



தஞ்சைப் பெரிய கோயிலை செல்போனில் படம் எடுக்கிறீர்கள். போன் அதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. சுருக்கித்தான் வைக்கிறது.

எப்படிச் சுருக்குகிறது? படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. விமானத்துக்குப் பின்னால் வானம், ஒரே நீலம். அந்தக் கட்டங்களுக்குக் கொஞ்சம் தகவல் போதும். விமானத்தில் எத்தனை சிற்பங்கள்! அங்கே நிறையத் தகவல் வேண்டும். தேவை பார்த்துக் கொடுக்கிறது போன்.

நம் டெல்டா விவசாயி மடை திறப்பதும் இப்படித்தான். மேட்டு வயல் காய்ந்தால் அங்கே கூடுதலாகத் தண்ணீர் விடுவார். பள்ளத்து வயலில் தண்ணீர் நின்றால் மடையை அடைப்பார். தேவை பார்த்துக் கொடுப்பார்.

படத்தை இப்படிச் சுருக்குவதற்கு அடிப்படையான கணக்கு 1974-ல் வெளிவந்தது. அதைத் தந்தவர்களில் ஒருவர், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1992-ல் வந்த ஜேபெக் (JPEG) என்ற படச் சுருக்க முறை அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுருக்கும்போது நுண்ணிய விவரம் கொஞ்சம் போய்விடும். போனது திரும்பாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் இன்னும் சுருங்கும்.

உதாரணத்துக்கு, நெல் இலையில் புள்ளி விழுந்திருக்கிறது. குலைநோயா என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்க வேண்டும். இலைக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுங்கள். அதை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். படம் மேலும் சுருங்காமல் போய்ச் சேரும். புள்ளி தெளிவாகத் தெரிந்தால்தான் சரியான மருந்தைச் சொல்ல முடியும்.