வேலை போனால் விசாவும் போகும்

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். வெளிநாட்டுத் திறன் ஊழியர்களுக்கான எச்1பி விசாவுக்குப் புதிதாக மனுச் செய்யும் நிறுவனம் ஒரு லட்சம் டாலர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். ஞாயிறு பிறந்ததுமே உத்தரவு அமலுக்கு வரும். வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக், அது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை என்று சொல்லிவைத்தார். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களிலிருந்து அவசர மின்னஞ்சல்கள் பறந்தன: ஊருக்குப் போனவர்கள் உடனே திரும்புங்கள், இங்கே இருப்பவர்கள் எங்கும் போகாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் துபாய் விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்த பயணிகள் சிலர், கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். விமானம் மணிக்கணக்கில் தாமதமாகக் கிளம்பியது.

மறுநாளே வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்தது. கட்டணம் ஒரு தடவைதான். புதிய மனுக்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே விசா வைத்திருப்பவருக்கும் புதுப்பிப்பவருக்கும் கிடையாது. அதாவது, அன்று இறங்கியவர்களில் செல்லுபடியாகும் விசா கையில் இருந்த யாரும் இறங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை தந்த நிறுவனமே திரும்பி வா என்கிறபோது யார்தான் துணிந்து பறப்பார்கள்? அமெரிக்காவில் வேலை பார்க்கும் இந்தியப் பொறியாளரின் நிலைமையை அந்த ஒரு நாள் அப்படியே காட்டிவிட்டது. நல்ல சம்பளம், நல்ல வீடு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். ஆனால் அத்தனையும் ஒரு நிறுவனம் போடும் கையெழுத்தை நம்பி நிற்கிறது.

இந்த விசா 1990-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக 20,000. மூன்று ஆண்டு, பிறகு இன்னும் மூன்று ஆண்டு. ஒப்புதல் பெறுவோரில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள். ஆறு ஆண்டு முடிவதற்குள் கிரீன் கார்டு வேலை தொடங்கிவிட வேண்டும். அங்கேதான் அடைப்பு. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்கு சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவிதி. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. அதனால்தான் 2025 அக்டோபரில், முதுநிலைப் பட்டம் போன்ற தகுதி உள்ளவர்களுக்கான ஈ.பி.-2 பிரிவில் இந்தியர்களின் வரிசை 2013-இல் விண்ணப்பித்தவர்களிடமே நின்றுகொண்டிருந்தது. அந்தக் காத்திருப்புக்குள் அங்கே கூட்டிப் போன பிள்ளைக்கு 21 வயது நிரம்பினால், பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து அந்தப் பிள்ளை பெரும்பாலும் விலகிவிடும்.

இது நம் பக்கத்து வருத்தம். எதிர்ப்பக்கத்திலும் ஒரு வருத்தம் இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்காமல் இந்தச் சச்சரவு புரியாது.

2014 அக்டோபரில், ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்த சுமார் 250 பேரிடம் வேலை போகப்போகிறது என்று சொல்லப்பட்டது. பலருக்கு அதோடு இன்னொரு வேலையும் வந்தது: தங்கள் இடத்துக்கு வரும் ஒப்பந்த ஊழியர்களுக்குக் கடைசி மாதங்களில் வேலையைக் கற்றுக்கொடுப்பது. நம் ஐ.டி. அலுவலகங்களில் ‘கே.டி.’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுதான். வந்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து எச்1பி விசாவில் போனவர்கள். லியோ பெரேரோ என்ற ஊழியர் 2016 பிப்ரவரியில் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, தன் நாற்காலிக்கு வந்தவருக்குத் தானே பயிற்சி கொடுத்த அவமானத்தைத் தழுதழுத்த குரலில் சொன்னார். அவர் போட்ட வழக்கு அதே ஆண்டு தள்ளுபடியானது.

அப்படியென்றால் சட்டம் எதைப் பாதுகாக்கிறது? எச்1பி ஊழியரை எடுப்பதற்கு முன்னால் அமெரிக்கரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கிடையாது. எச்1பி ஊழியர்களையே பெரிதும் நம்பி நடக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் அது உண்டு. அவையும் ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் கொடுத்துவிட்டால் போதும், அந்தக் கட்டாயத்திலிருந்து தப்பிவிடலாம். அந்த 60,000 என்ற எண் 1998-இல் எழுதப்பட்டது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. எண் அங்கேயே நிற்கிறது.

இந்திய நிறுவனங்களும் குற்றச்சாட்டுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. வேறு வகை விசாவில் ஆட்களை அனுப்பியதாக எழுந்த வழக்கை 2013-இல் இன்ஃபோசிஸ், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 3 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 2024 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் நடுவர் குழு, இந்தியர் அல்லாத ஊழியர்களைக் காக்னிசென்ட் பாரபட்சமாக நடத்தியது என்று முடிவு சொன்னது. நிறுவனம் மேல்முறையீடு செய்யப்போவதாக அறிவித்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு ‘எங்கள் மூளையைப் பார்த்துப் பொறாமை’ என்று பேசுவது உண்மைக்கும் பொருந்தாது, அங்கே வாழ்கிறவர்களுக்கும் உதவாது.

ஆனால் வேலைச் சட்டத்தைப் பற்றிய கோபம் வேறு, மனிதர் மேல் பாயும் வெறுப்பு வேறு. 2017 பிப்ரவரி 22 இரவு, கான்சஸ் மாநிலம் ஒலாத்தே நகரில் வேலை முடிந்து மது விடுதியில் நண்பருடன் உட்கார்ந்திருந்த ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா சுட்டுக் கொல்லப்பட்டார். ஹைதராபாத்தைச் சேர்ந்தவர், கார்மின் நிறுவனப் பொறியாளர், வயது 32. சுட்டவன் ‘என் நாட்டை விட்டு வெளியே போ’ என்று கத்தினான். தடுக்கப் பாய்ந்த இயன் கிரிலட் என்ற அமெரிக்க இளைஞருக்கும் குண்டு பாய்ந்தது. ஸ்ரீனிவாஸின் மனைவி சுனயனா துமாலாவுக்கு அடுத்த அடி சட்டத்திலிருந்து வந்தது. கணவரின் விசாவை ஒட்டியே அவருடைய அனுமதியும் இருந்ததால், கணவர் போனதும் அங்கே வாழும் உரிமையும் ஆட்டம் கண்டது. உள்ளூர் எம்.பி. கெவின் யோடர் தலையிட்ட பிறகுதான் அவர் திரும்பிப் போய் வேலை பார்க்க வழி பிறந்தது.

2024 டிசம்பரில், சென்னையில் பிறந்து வளர்ந்த ஸ்ரீராம் கிருஷ்ணன் வெள்ளை மாளிகையின் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவிக்கப்பட்டபோது சமூக ஊடகங்களில் கிளம்பிய வசவும் அந்த வகைதான். அவர் அமெரிக்கக் குடிமகன். அவரை நியமித்தது டிரம்ப். அப்படியும் தாக்குதல் அவருடைய பிறப்பைப் பார்த்து வந்தது. குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தப் பேச்சு நம்மைத் தொடாது என்று நினைத்த பல குடும்பங்கள் அந்த வாரத்தில் கலங்கிப்போயின.

இத்தனைக்கும் அடியில் ஒரு முடிச்சு இருக்கிறது. வேலை கொடுப்பவர் கையிலேயே விசாவும் இருக்கிறது. அதனால் சம்பளம் குறைந்தாலும் வேலை நேரம் கூடினாலும் ஊழியர் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காத ஊழியர் மலிவாகக் கிடைக்கிறார் என்பதால்தான் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அமெரிக்கருக்கும் வேலை போகிறது. இந்தியரின் பயம்தான் அமெரிக்கரின் நஷ்டமாக மாறுகிறது. ஆகவே எச்1பி ஊழியர் தன் உரிமையைத் தெரிந்துகொண்டு கேட்பது அவருக்கு மட்டுமான காரியம் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அது நல்லது.

முதலில் ஒரு தாளைப் பற்றி. எல்.சி.ஏ. என்பார்கள், தொழிலாளர் துறையிடம் நிறுவனம் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம். வேலையின் பெயர், வேலையிடத்தின் முகவரி, தரப்போகும் சம்பளம், அந்த ஊரில் அந்த வேலைக்கு நடப்புச் சம்பளம், ஒன்றிலிருந்து நான்கு வரை எந்தப் படிநிலை என்பதெல்லாம் அதில் இருக்கும். தொழிற்சங்கம் இல்லாத இடத்தில் அதைப் பற்றிய அறிவிப்பை எல்லாரும் பார்க்கும்படி இரண்டு இடங்களில் 10 நாள் ஒட்டிவைக்க வேண்டும், அல்லது மின்வழியில் தெரிவிக்க வேண்டும். வேலையில் சேரும் நாளுக்குள் அதன் நகல் ஊழியர் கைக்கு வந்தாக வேண்டும். பத்து வருடம் அனுபவம் உள்ளவருக்கு அதில் முதல் படிநிலை போட்டிருந்தால், கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே இருக்கிறது. இப்போது சம்பளப் படிநிலைக்கு இன்னொரு மதிப்பும் வந்துவிட்டது: 2025 டிசம்பரில் வெளியான விதிப்படி, விசா குலுக்கலில் நான்காம் படிநிலைச் சம்பளத்துக்கு நான்கு சீட்டு, முதல் படிநிலைச் சம்பளத்துக்கு ஒரே சீட்டு.

அடுத்து ‘பெஞ்ச்’. கிளையன்ட் கிடைக்கவில்லை, புராஜெக்ட் வரும்வரை சம்பளம் கிடையாது என்று கன்சல்டன்சிகள் சொல்வது சட்டவிரோதம். வேலை கொடுக்க முடியாதது நிறுவனத்தின் பிரச்சினை. சம்பளம் ஓடியாக வேண்டும். புதிதாகப் போய் இறங்கியவருக்கு, நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் சம்பளம் தொடங்கிவிட வேண்டும். எச்1பி மனுவுக்கான கட்டணத்தையும் வக்கீல் செலவையும் ஊழியர் தலையில் கட்டக் கூடாது. மீறினால் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவுக்கு டபிள்யூ.எச்.-4 என்ற படிவத்தில் புகார் செய்யலாம். தவறு நடந்த 12 மாதத்துக்குள் செய்ய வேண்டும். புகார் செய்ததற்காகப் பழிவாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. பே ஸ்லிப், வருகைப் பதிவு, ‘சம்பளம் இப்போது இல்லை’ என்று வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அலுவலக லேப்டாப்பில் வைக்காமல் சொந்த மின்னஞ்சலில் சேர்த்துவைக்க வேண்டும். வேலை போகிற நாளில் லேப்டாப் முதலில் பூட்டப்படும்.

வேலையே போய்விட்டால் அதிகபட்சம் 60 நாள் அங்கே தங்கலாம். எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால், அதுவரைதான். அந்த நாட்களுக்குள் புது நிறுவனம் மனுத் தாக்கல் செய்துவிட்டால் ஒப்புதலுக்குக் காத்திராமலே அங்கே வேலையில் சேரலாம். இல்லையென்றால் வேறு விசா வகைக்கு மாற விண்ணப்பிக்கலாம், அல்லது கிளம்ப வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் அங்கே வீட்டுக் கடனில் இறங்குவது ஆபத்தான துணிச்சல். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு ஒப்புதலாகி 180 நாள் கடந்திருந்தால், பழைய நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் வரிசையில் பிடித்த இடம் போகாது. இது தெரியாமல் பிடிக்காத வேலையில் வருடக்கணக்காக ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

பயணம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 டிசம்பர் 15 முதல் எச்1பி விண்ணப்பதாரர்கள், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்4 விசா கேட்பவர்கள் ஆகியோரின் சமூக ஊடகப் பக்கங்களும் ஆராயப்படுகின்றன. அதனால் இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகங்களில் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. கல்யாணத்துக்கு வந்தவர்கள் திரும்ப முடியாமல் சிக்கினார்கள். பாஸ்போர்ட்டில் குத்திய விசாவின் தேதி முடிந்தாலும், ஐ-94 செல்லும்வரை அமெரிக்காவுக்குள் இருப்பது சட்டப்படி சரிதான். ஸ்டாம்பிங் தேவைப்படுவது வெளியே போய்த் திரும்பி நுழையும்போது. எனவே தள்ளிவைக்கக்கூடிய பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. பெற்றோரும் ‘ஒரு வாரம் வந்துட்டுப் போயேன்டா’ என்று வற்புறுத்தும் முன் இதை யோசிக்க வேண்டும்.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு: இல்லாத அனுபவத்தை எழுதி ரெஸ்யூமே தயாரித்துத் தருகிறோம், இன்டர்வியூவுக்கு வேறு ஆளை உட்காரவைக்கிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுகளின் வாசலை மிதிக்கவே கூடாது. பொய்த் தகவல் கொடுத்து விசா வாங்கியது கண்டுபிடிக்கப்பட்டால் அமெரிக்காவுக்குள் நுழைய ஆயுள் முழுக்கத் தடை வரலாம். அந்தப் பொய், நேர்மையாகப் போன மற்ற இந்தியர்கள் மேலும் சந்தேகத்தை ஏற்றிவிடுகிறது.

அலுவலகத்துக்குள் எப்படி இருப்பது? வேலை போகப்போகிற ஒருவரிடமிருந்து கே.டி. வாங்கச் சொன்னால், அவருடைய நிலைமையை மதித்துப் பேச வேண்டும். அவருக்கு முன்னால் தமிழிலோ தெலுங்கிலோ தனியாகப் பேசிச் சிரிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஆள் எடுக்கும் குழுவில் இடம் கிடைத்தவர், நம்ம ஊர்க்காரர் என்பதற்காக மதிப்பெண் போடக் கூடாது. நடுவர் குழுக்கள் இப்போது பார்ப்பது அதைத்தான். அதேபோல், நிறத்தையோ நாட்டையோ சொல்லி யாராவது இழிவுபடுத்தினால் சிரித்து மழுப்பிவிட்டுப் போகவும் வேண்டாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து மனிதவளத் துறைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் சம வேலைவாய்ப்பு ஆணையம் இருக்கிறது. பொதுவாக 180 நாள், பல மாநிலங்களில் 300 நாளுக்குள் போக வேண்டும். விசாவில் இருப்பவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நிறுவனத்தின் விசா வக்கீல் பெரும்பாலும் நிறுவனத்தின் நலனைத்தான் முதலில் பார்ப்பார். எல்.சி.ஏ., ஐ-797 என்ற ஒப்புதல் அறிவிப்பு, ஐ-140 ஆகியவற்றின் நகல்களையும் சமீபத்திய ஐ-94-ஐயும் எடுத்துக்கொண்டு, உரிமம் உள்ள குடியேற்ற வக்கீல் ஒருவரைச் சொந்தச் செலவில் ஒரு மணி நேரம் பார்த்துவிட வேண்டும். நாளைக்கே வேலை போனால் என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்வதைக் கணவன் மனைவி இருவருமே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஐ-140 நகல் தர நிறுவனம் மறுத்தால், அமெரிக்கத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் அந்நாட்டுக் குடியேற்றத் துறையிடமே கேட்டு வாங்கவும் வழி உண்டு. அந்த விண்ணப்பத்தை வேலை இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.